கவுந்தப்பாடி பிக்கப்

ஜூன் 4, ஞாயிறு

பழைய காரை இன்று விற்று அனுப்பியாயிற்று. வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு போக, சுலோச்சனா வாசலில் நின்று தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காரை அவள்தான் அதிகம் ஓட்டினாள். நான் பவானியில் வேலையாக இருந்த காலத்தில் என்னிடம் சொல்லாமலே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டாள். வட்டாட்சியர் ஆன பிறகு நான் அரசு ஜீப்பில்தான் போய்வந்தேன். பிப்ரவரியில் ஓய்வு. ஜீப்பும் அதன் ஓட்டுநரும் அடுத்து வந்தவருக்குப் போனார்கள்.

பணியில் இருந்தபோது பயண நாட்குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து என்ன வண்டி என்று மத்தியானம் சாப்பிடும்போது பேச்சு வந்தது. மகள் சிந்துஜா கோயமுத்தூரிலிருந்து ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறாள், எஸ்யூவி எடுங்கள் அப்பா என்று. நானும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே சுலோச்சனா சொன்னாள்:

“ஏனுங்க, நாம ஒரு பிக்கப் வாங்குனா என்னங்க?”

நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. கவுந்தப்பாடியில் ஒரு பழைய பிக்கப் விலைக்கு இருக்கிறதாம். விசாரித்து வைத்திருக்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் நிழல்வலை போட்டு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று, கொஞ்சம் மா, நெல்லி ஒட்டுக்கன்று. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து வாங்கிப்போகிறார்கள். அடுத்த தெரு சம்பூரணம் வந்து கூடமாட வேலை செய்வாள். பொழுதுபோக்காக ஆரம்பித்தது. பொழுதுபோக்கு என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

போய்ப் பார்க்கலாம் என்றேன். பார்ப்பதில் என்ன நஷ்டம்.

ஜூன் 7, புதன்

காற்று. நிழல்வலை ஒரு மூலையில் கிழிந்துவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுலோச்சனா ஏறித் தைத்தாள்.

ஜூன் 11, ஞாயிறு

கவுந்தப்பாடி போய் வந்தோம்.

வண்டி மாரப்பன் என்கிற வெல்ல வியாபாரியுடையது. வியாபாரத்தைக் குறைத்துவிட்டார், அதனால் விற்கிறார். வெள்ளை நிறம், ஓரங்களில் மங்கியிருக்கிறது. பின்பக்கத் தொட்டி நன்றாக இருக்கிறது. கதவைத் திறந்ததும் வெல்ல வாசம் முகத்தில் அடித்தது. முன்கண்ணாடி ஓரத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு கழுவினாலும் எறும்பு போகாது, மன்னிச்சுக்கோங்க என்றார் மாரப்பன்.

ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் சுலோச்சனா கையை நீட்டிவிட்டாள். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தார்.

வாய்க்கால் ரோட்டில் ரொம்ப தூரம் ஓட்டினாள். ஸ்டியரிங் கனமாக இருந்தது, தெரிந்தது. இருந்தாலும் அவள் தோளை முன்னால் சாய்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மேடுபள்ளம் பார்த்து ஓட்டினாள். நடுவில் ஒரு டிராக்டருக்கு வழிவிட வாய்க்கால் கரை ஓரமாகப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. எனக்குப் பதற்றமாகத்தான் இருந்தது. அவள் ஒரே தடவையில் எடுத்து நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

போகும்போது பூராவும் பேசிக்கொண்டே வந்தாள். வியாழக்கிழமை புளியம்பட்டி சந்தை. மலை மேலே தாளவாடியில் முட்டைக்கோஸ் நாற்றுக்கு அவ்வளவு கிராக்கி, கீழேயிருந்து கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வண்டி வந்துவிட்டால் இந்த வருடமே ஆரம்பித்துவிடலாம். இத்தனையும் அவள் தலைக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

“நான் ஓட்டிக்குவனுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து வந்தாப் போதும். வீட்டுல உக்காந்து பேப்பரையே எத்தனை தடவை படிப்பீங்க? நாலு ஊரு பாத்த மாதிரி இருக்கும், ரெண்டு பேரும் சேந்து போன மாதிரியும் இருக்கும். இத்தனை வருஷத்துல நாம எங்கீங்க சேந்து போனோம்?”

வட்டாட்சியராகக் கையெழுத்துப் போட்டவன் சந்தையில் உட்கார்ந்து கத்தரி நாற்று விற்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். அவளும் கொஞ்சம் கழித்துச் சிரித்தாள்.

பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடையில் நிறுத்தினோம். வண்டியிலிருந்து இறங்கும்போது சுப்பராயன் எதிரே நின்றுகொண்டிருந்தான். என்னிடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். இப்போதும் பணியில் இருக்கிறான். ஐயா, நீங்க எப்படிங்க இந்த வண்டியில என்று கேட்டுவிட்டு வண்டியைப் பார்த்தான், சுலோச்சனாவைப் பார்த்தான்.

“தெரிஞ்சவரு வண்டி. சும்மா ஒரு வேலையா வந்தோம்” என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்போது வண்டி மாரப்பனுடையதுதானே. விற்கிற விஷயமெல்லாம் டீக்கடையில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சாவி சுலோச்சனாவின் கையில் இருந்தது. அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பும்போது தோள் வலிக்கிறது, நீங்கள் ஓட்டுங்கள் என்றாள். ஓட்டினேன். கனமான வண்டிதான். பெண்கள் தினமும் ஓட்டக்கூடியது இல்லை.

யோசித்துச் சொல்கிறோம் என்று மாரப்பனிடம் சொல்லிவிட்டு என் போன் நம்பரைக் கொடுத்து வந்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

சிந்துஜா போன் செய்தாள். பிக்கப் விஷயம் கேள்விப்பட்டு அதிர்ந்துபோயிருக்கிறாள். அம்மாவுக்கு இடுப்பு வலி இருக்கிறது, அந்த மாதிரி வண்டியில் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்றாள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அதிலா வந்து இறங்குவீர்கள் என்றும் கேட்டாள். இரண்டாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்பு வலிதான் எனக்கு யோசனையாக இருந்தது. சுலோச்சனாவுக்கு நல்லது எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 18, ஞாயிறு

ஈரோட்டில் ஷோரூமுக்குப் போனோம். மாப்பிள்ளையும் சிந்துஜாவும் அங்கேயே வந்துவிட்டார்கள். நடுத்தர அளவு எஸ்யூவி, வெண்முத்து நிறம். ஏறி உட்கார்ந்ததும் ரோடு கீழே தெரிகிற அந்த உயரம். ஜீப்பிலும் அப்படித்தான் இருக்கும். விற்பனையாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, என்ன வேலை பார்த்தீர்கள் சார் என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அவர் நிற்கிற விதமே மாறிவிட்டது.

சுலோச்சனா பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட் மடங்குமா, மடக்கினால் நாற்றுத் தட்டு எத்தனை வைக்கலாம் என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். மேடம், இதில் செடி ஏற்றினால் சீட்டு வீணாகிவிடும் என்றார். சிந்துஜாவும் சிரித்தாள். சுலோச்சனா பின்கதவைச் சாத்தினாள். ஏசி நல்லா இருக்குது என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் பிடித்திருக்கிறது.

ஜூன் 20, செவ்வாய்

மாரப்பன் காலையில் போன் செய்தார். பெருந்துறையிலிருந்து ஒருவர் வந்து வண்டியைக் கேட்டாராம். அம்மிணி ஆசைப்பட்டுப் பார்த்துவிட்டுப் போனாங்க, அதனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் கொடுக்க மாட்டேன், ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நல்ல மனிதர்.

சுலோச்சனா பின்னால் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பிளாஸ்டிக் நாடா. அந்த நேரத்தில் கூப்பிட வேண்டாம், சாயந்தரம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயந்தரம் மறந்துவிட்டது.

ஜூன் 21, புதன்

மின்கட்டணம் கட்டினேன். கண் டாக்டரைப் பார்த்தேன்.

ஜூன் 23, வெள்ளி

நல்ல நாள் என்று ஜோசியர் சொன்னதால் இன்றே ஈரோடு போய் எஸ்யூவிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை கூட வந்தார். சுலோச்சனாவுக்குச் சொல்லாமல் போய் வந்தது ஒரு மகிழ்ச்சியான ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான். வரும்போது அவளுக்குப் பிடித்த மைசூர்பா வாங்கி வந்தேன்.

பின்கட்டில் நாற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். பிறகு கேட்டாள்:

“அந்தக் கவுந்தப்பாடிக்காரரு போன் கீன் பண்ணாருங்களா?”

இல்லை என்றேன்.

“சரிங்க” என்றாள். காபி போட உள்ளே போனாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன். அவள் எதையும் வெளியே காட்டுகிற ஆள் இல்லை.

ஜூலை 2, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. பூசணிக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் முடித்து நேராகப் பண்ணாரி கோயிலுக்குப் போனோம். நான் ஓட்டினேன், மாப்பிள்ளை முன்னால். பெண்கள் பின்னால். சத்தியமங்கலத்தில் பெட்ரோல் பங்கில் பழைய ஆட்கள் இரண்டு பேர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு நல்ல நாள் வாய்க்கவில்லை.

சுலோச்சனாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

ஜூலை 6, வியாழன்

புளியம்பட்டி சந்தைக்கு லோடு ஆட்டோ பேசியிருந்தாள். அவன் வரவில்லை. சம்பூரணமும் அவளும் தட்டுகளை வாசலில் அடுக்கிவைத்துக்கொண்டு நின்றார்கள். நம் வண்டியிலேயே கொண்டுபோகலாம் என்று நானேதான் சொன்னேன். இதை இங்கே எழுதிவைக்க வேண்டும். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானேதான் சொன்னேன்.

சீட்டுகளின் மேல் தார்ப்பாய் விரித்து ஏற்றினோம். நம்பியூர் தாண்டி ஒரு வேகத்தடையில் தட்டு சாய்ந்து, மண்ணும் தண்ணீரும் தார்ப்பாயைத் தாண்டிச் சீட்டில் இறங்கிவிட்டன. வண்டி வந்து ஒரு வாரம் ஆகவில்லை. பார்த்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன். அதற்கு மேல் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சம்பூரணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுலோச்சனா முந்தானையால் சீட்டைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மண் பரவியது. துடைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து வாடகை ஆட்டோவிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கும் அதுதான் வசதி.

ஜூலை 14, வெள்ளி

சீட் கவர் மாற்றினேன்.

ஜூலை 22, சனி

ஓய்வு பெற்ற வருவாய்த் துறை அலுவலர்கள் கூட்டம் ஈரோட்டில். என்னைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பொன்னாடை போட்டார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள்.

மேடையில் இருந்தபோது சுலோச்சனாவிடமிருந்து போன் வந்தது. திரும்பவும் வந்தது. மேடையில் உட்கார்ந்துகொண்டு போனை எடுப்பது மரியாதை இல்லை. சத்தத்தை நிறுத்தி வைத்தேன். கூட்டம் முடிந்து சாப்பாடு, பேச்சு. ஊருக்குக் கிளம்பும்போதுதான் போனைப் பார்த்தேன். நிறைய அழைப்புகள்.

தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் நாற்று கேட்டு ஒரு விவசாயி முன்பே சொல்லி வைத்திருந்தாராம். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். வாடகை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சம்பூரணமும் அவளும் போயிருக்கிறார்கள். திம்பம் மலை ஏற ஆரம்பிக்கிற இடத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் மெக்கானிக்கைத் தேடி பஸ் ஏறிப் போய்விட்டார். நல்ல வெயில். காட்டு ரோடு. யானை இறங்குகிற இடம், வண்டியை விட்டு நகராதீர்கள் என்று போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்றுகளின் மேல் தங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் நாற்றுக்கே தெளித்துவிட்டார்களாம். இதெல்லாம் சம்பூரணம் சொல்லித்தான் தெரியும். 

மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு லாரிக்காரர் நாற்றையும் இவர்களையும் ஏற்றிவந்து பண்ணாரியில் விட்டிருக்கிறார். நான் வீடு வந்து சேர்ந்தபோது தட்டு தட்டாக வாடிப்போன நாற்றை எருக்குழியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் இருந்தேன் என்று சொன்னேன். துணைத் தலைவர் ஆனதையும் சொன்னேன்.

“நல்லதுங்க” என்றாள். “சாப்பிட்டுட்டீங்களா?”

நான் போனை எடுத்திருந்தாலும் ஈரோட்டிலிருந்து அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் நாற்று வாடியிருக்கும். இதை அவளிடமும் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் சத்தியமங்கலத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லாமலா? நான் ஒரு போன் செய்திருந்தால் யாராவது வண்டியோடு போயிருப்பார்கள்.

ஜூலை 23, ஞாயிறு

பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. பவானிக்குப் போகலாம், வண்டி சும்மாதானே நிற்கிறது என்று சுலோச்சனாவைக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்றாள். இப்போதெல்லாம் விடியற்காலையிலேயே சம்பூரணம் வீட்டுக்குப் போய்விடுகிறாள். நாற்றையும் அங்கேதான் கொண்டுபோய் அடுக்குகிறார்கள். ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்குள் ஏதோ ஏற்பாடு.

தனியாகப் பாலம் வரை போய்த் திரும்பினேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

கவுந்தப்பாடியில் ஒரு கல்யாணம். சுலோச்சனா வரவில்லை. பந்தியில் என் பக்கத்து இலையில் மாரப்பன் வந்து உட்கார்ந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. அவராகவே ஆரம்பித்தார்:

“வண்டி எப்படீங்க ஓடுது? அம்மிணிக்கு ஸ்டியரிங்கு இப்பப் பழகிருச்சுங்களா?”

எந்த வண்டி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவருக்கு முகம் மாறிவிட்டது. இலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரமே சுலோச்சனா அவருக்குப் போன் செய்திருக்கிறாள். யாராவது வாங்கிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறாள். ஐயாவிடம் செவ்வாய்க்கிழமையே சொன்னேனே அம்மிணி, உங்களிடம் சொல்லவில்லையா என்று இவர் கேட்டிருக்கிறார். சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன் என்றாளாம். பெருந்துறைக்காரரிடம் கொடுக்காமல் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். பொறுத்திருக்கிறார். ஜூலை கடைசியில் அவளும் இன்னொரு அம்மாவும் வந்து வண்டியை எடுத்துப் போனார்களாம்.

“உங்களுக்குத் தெரியும்னுல்லீங்க நான் நினைச்சேன்” என்றார்.

தெரியும் என்றேன். பாயசம் வந்தது. சாப்பிட்டேன்.

நேராக வீட்டுக்கு வரவில்லை. அடுத்த தெருவுக்குப் போனேன். சம்பூரணம் வீட்டுக்குப் பக்கவாட்டில் தென்னை ஓலைக் கொட்டகைக்குள் வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் நாற்றுத் தட்டு வைக்கத் தோதாக இரும்புச் சட்டம் அடித்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஒரு மாதமாக நான் தினமும் நடந்து போகிற தெருவுக்கு அடுத்த தெரு.

சுலோச்சனா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாரப்பனைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

“சம்பூரணம் மகளிர் குழுவுல கடன் எடுத்துச்சுங்க. நான் என் வளையலை வெச்சேன். சேந்து வாங்கினோம்.”

அவள் கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல்தான் இருந்தது. எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துதான் இருந்தது. அவள் குரல் உயரவில்லை.

“கேட்டிருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் உங்க பேச்சை மீறி நான் வாங்கோணும். அது எனக்கு வேண்டாமுன்னு இருந்துச்சுங்க.”

மாரப்பன் போன் செய்ததை நான் மறைத்தது தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன். இதைக் கேட்கும்போது என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

“என்னன்னுங்க கேக்கறது? நீங்க இல்லீன்னு சொன்னப்ப உங்க முகத்தைப் பாத்தனுங்க. அன்னிக்கு டீக்கடையில சுப்பராயன்கிட்டப் பேசினப்பவும் பாத்தேன். உங்களுக்கு அந்த வண்டியில இருக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. இதுல உங்களை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு அப்பவே நினைச்சுட்டேன். கோவமெல்லாம் இல்லீங்க.”

கூச்சம் எல்லாம் இல்லை, உன் இடுப்பு வலிக்காகத்தான் என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் புடைக்க ஆரம்பித்தாள்.

கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசி, அவளும் பேசி, எங்கேயாவது போய் முடிந்திருக்கும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

எதுவும் இல்லை.

செப்டம்பர் 7, வியாழன்

சந்தை நாள். காலையில் நம்பியூர் ரோட்டில் ஒரு வேலையாகப் போனேன். வேலை ஒன்றும் இல்லை, அந்த ரோட்டில் போகலாம் என்று தோன்றியது. எனக்கு முன்னால் பிக்கப் போய்க்கொண்டிருந்தது. பச்சைத் தட்டுகள் அடுக்கடுக்காக. மேலே நனைத்த சாக்கு விரித்திருந்தது. முந்திப் போயிருக்கலாம், ரோடு காலியாகத்தான் இருந்தது. பின்னாலேயே போனேன்.

ஒரு இளநீர்க் கடையில் நிறுத்தினார்கள். நானும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கவில்லை. சுலோச்சனா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே தொங்கப்போட்டபடி இளநீர் குடித்தாள். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். சம்பூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இளநீர்க்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வண்டிக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் இவ்வளவு பேசுகிறவள்தானா என்று தோன்றியது. கல்யாணமான புதிதில் பேசுவாள். நான் கோப்புகளைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவேன். அப்புறம் இந்த ஜூன் மாதம் வாய்க்கால் ரோட்டில் ஒரு நாள் பேசினாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

எஸ்யூவியை விற்றுவிடலாம், வளையலை மீட்டுக்கொள், மிச்சத்தை நாற்றுப்பண்ணைக்குப் போடலாம் என்று சுலோச்சனாவிடம் சொன்னேன்.

“எதுக்குங்க? நல்ல வண்டி. நீங்க ஆசைப்பட்டு வாங்குனது. இருக்கட்டும்” என்றாள். வளையல் கார்த்திகைக்குள் தானே வந்துவிடும் என்றாள்.

நிஜமாகவே நான் வருத்தப்படக் கூடாது என்று நினைத்துத்தான் சொல்கிறாள். அது தெரிகிறது. தெரிவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சிந்துஜாவுக்கு விஷயம் தெரிந்து என்னிடம் சண்டை போட்டாள். அம்மாவை அந்த வண்டி ஓட்ட விட்டுவிட்டீர்களே என்றாள். நான் விடவில்லை, அவளாகவே எடுத்தாள் என்றேன். சொன்ன பிறகு யோசித்தேன். நான்தான் ஓட்ட விட்டேன் என்றுகூட என்னால் உரிமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

தாளவாடிக்கு நாற்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதே விவசாயி திரும்பவும் கேட்டிருக்கிறார். வண்டி நிற்காமல் மலை ஏறிவிட்டதாம். சம்பூரணம் தெருவில் வைத்துச் சொன்னாள்.

அக்டோபர் 4, புதன்

சுப்பராயன் ஒரு சான்றிதழ் விஷயமாக வீட்டுக்கு வந்தான். பேச்சோடு பேச்சாக, அம்மா ஒரு பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னான். என்ன கேட்பது என்று தெரியாமல் தயங்கினான். எங்கள் வண்டிதான் என்றேன். எங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொன்னேன். சுலோச்சனா வீட்டில் இல்லை. அவள் காதில் விழவில்லை.

அக்டோபர் 5, வியாழன்

இன்று சந்தைக்கு நானும் வருகிறேன் என்று சொன்னேன்.

காலையில் சம்பூரணம் வீட்டு வாசலுக்கே போய்விட்டேன். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் வேண்டாம் வேண்டாம் என்றார்கள். எல்லாம் ஏற்றி முடித்து, கயிறு கட்டிய பிறகு நானும் வரட்டுமா என்று கேட்டேன். சுலோச்சனாவுக்கு நான் சொன்னது முதலில் புரியவில்லை. புரிந்ததும் சம்பூரணத்தைப் பார்த்தாள். சம்பூரணம் கீழே குனிந்து ஒன்றுமில்லாத ஒரு முடிச்சைச் சரிபார்த்தாள்.

“முன்னாடி ரெண்டு பேருக்குத்தாங்க எடம்” என்றாள் சுலோச்சனா.

நான் பின்னால் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். கேலியாக இல்லை.

“லோடு வண்டியில ஆளை ஏத்தக் கூடாதுன்னு நீங்களே எத்தனை ஊருல கூட்டம் போட்டுப் பேசியிருக்கீங்க?”

சம்பூரணம், அப்படியானால் ஐயா போகட்டும், நான் இருந்துகொள்கிறேன் என்று விலகப் பார்த்தாள். சுலோச்சனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தையில் எந்த நாற்றுக்கு என்ன சொல்வது என்று சம்பூரணத்துக்குத்தான் தெரியும். அது நியாயம்தான். எனக்கு என்ன தெரியும்?

“மிளகா நாத்துக்கு மட்டும் சாயந்தரம் தண்ணி விட்டுருங்க” என்று சொல்லிவிட்டு ஏறினாள். சந்து குறுகல். நான் பின்னால் நின்று கையைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் பார்த்தே எடுத்துவிட்டாள்.

சாயந்தரம் மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் விட்டேன். பூவாளியில்தான் விட வேண்டும், குழாயால் பீய்ச்சினால் சாய்ந்துவிடும் என்பது பாதித் தட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. சாய்ந்ததை விரலால் நிமிர்த்தி வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். சேர்ந்து சாப்பிட்டோம். சந்தையில் கூட்டமா என்று கேட்டேன். கூட்டம்தான் என்றாள். எந்த நாற்று அதிகம் போனது என்றேன். கத்தரி என்றாள். வழியில் எங்கேயாவது நிறுத்தினீர்களா என்றேன். இளநீர் குடித்தோம் என்றாள். தோள் வலிக்கிறதா என்றேன். பழகிவிட்டது என்றாள். நாற்று கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று சொன்னேன். பரவாயில்லை, காலையில் எழுந்துவிடும் என்றாள்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். முகம் சுளிக்காமல், நின்று நிதானமாகச் சொன்னாள். கேட்காத எதையும் அவளாகச் சொல்லவில்லை.

நாளைக்கு என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.